சீட்டும் வசனமும்: ஹெர்ன்ஹூட் சபை வழிகேட்ட வரலாறு

கிறிஸ்தவக் காலை ஜெபங்களின் பழைய வடிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இரவெல்லாம் காத்ததற்கு நன்றி கூறுவதோடும், விடிந்த பகலில் பாவத்துக்கும் பொல்லாங்குக்கும் விலக்கிக் காக்கும்படி வேண்டுவதோடும் நின்றுவிடுவதைக் காணலாம். மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் குடும்பங்களுக்கென்று வகுத்துக் கொடுத்த காலை ஜெபமும் இத்தகையதே. அதைச் சொல்லி முடித்தவர் ஒரு ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு தம் வேலைக்குப் போகலாம் என்றே அவர் அறிவுறுத்தினார். எந்த வேலைக்குப் போவது, யாரை மணப்பது, ஊரில் இருப்பதா கடல் கடப்பதா என்பன போன்ற, இரண்டு பக்கமும் நியாயம் தோன்றும் கேள்விகளுக்கு அந்த ஜெபத்தில் இடமில்லை. நடக்க வேண்டிய வழியை விடியற்காலையில் காட்டும்படி மன்றாடும் 143ஆம் சங்கீதம் போன்ற பகுதிகள் வேதாகமத்தில் உண்டென்றாலும், அந்த மன்றாட்டுக்கு நாள்தோறும் விடை வரும் என்று நம்பி, விடையைப் பெறுவதற்கென்று முறையான ஏற்பாடுகளையும் செய்துகொண்ட சபைகள் மிகச் சிலவே. அவற்றுள் விரிவான எழுத்துச் சான்றுகளை விட்டுச் சென்றது, சாக்சனியின் கிழக்கு மூலையில் 18ஆம் நூற்றாண்டில் உருவான ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரின் மொரேவிய சபையாகும். அங்கே தினவசனம், திருவுளச்சீட்டு என்று இரண்டு வழக்கங்கள் ஒரே தலைமுறையில் வேரூன்றின. அவற்றுள் ஒன்று இன்றும் உலகெங்கும் வழங்க, மற்றொன்று 160 ஆண்டுகளில் மறைந்துபோனது.

சீட்டுப் போட்டு இறைவனின் சித்தத்தை அறிவது மொரேவியர் புதிதாகக் கண்டதன்று. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர்கள் ஜெபம் செய்து சீட்டுப் போட்டதையும், அது மத்தியாவின் பேருக்கு விழுந்ததையும் அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதல் அதிகாரம் கூறுகிறது. வேதநூலை எதேச்சையாகத் திறந்து, முதலில் கண்ணில் படும் வரியைத் தனக்கான கட்டளையாக ஏற்பதும் பழைய வழக்கமே. 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அகுஸ்தீனின் மனம் திரும்பியது இவ்விதமாகத்தான். ஆயினும் திருச்சபையின் அதிகார பீடங்கள் இதைக் குறிசொல்லுதலின் உறவாகக் கருதி ஐயுற்றன. இன்றைய பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆக்ட் நகரில் 506இல் கூடிய சங்கம் வேதநூலை வைத்துக் குறிபார்ப்பதை வெளிப்படையாகவே தடைசெய்தது. தடை இருந்த இடத்தில் வழக்கமும் இருந்திருக்கும் என்று கொள்வதே முறை.

மொரேவியரின் முன்னோர்களான பொகீமியச் சகோதரர்கள், அதாவது செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் போதனைகளிலிருந்து கிளைத்து 1457இல் தனிச் சமூகமாக உருவானவர்கள், 1467இல் தங்களுக்கென்று முதல் குருமாரைத் தேர்ந்தெடுத்தபோது சீட்டையே நாடினர். ஒன்பது பேர் முன்மொழியப்பட்டனர். பன்னிரண்டு சீட்டுகளில் மூன்றில் மட்டும் ‘இவரே’ என்ற பொருள்தரும் செக் மொழிச் சொல் எழுதப்பட்டு, மற்ற ஒன்பதும் வெறுமையாக விடப்பட்டன. ஒன்பது பேரும் வெற்றுச் சீட்டையே பெற்றிருக்கக்கூடும் என்பது இந்தக் கணக்கின் நுட்பம். அவ்வாறு நேர்ந்திருந்தால் காலம் இன்னும் கனியவில்லை என்று பொருள் கொண்டிருப்பார்கள். எழுதப்பட்ட மூன்று சீட்டுகளும் மூவரிடம் வந்து சேர்ந்தன. மறுப்புக்கும் தாமதத்துக்கும் இடம்விடும் இந்த அமைப்பு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மாறாமல் தொடர்ந்தது.

கத்தோலிக்க அரசின் அடக்குமுறைக்குத் தப்பி மொரேவியாவிலிருந்து வந்த குடும்பங்கள், நிக்கோலஸ் லுட்விக் சின்சென்டார்ஃப் பிரபுவின் பெர்தெல்ஸ்டோர்ஃப் பண்ணை நிலத்தில் 1722 ஜூன் 17 அன்று முதல் மரத்தை வெட்டிக் குடியேறியதே ஹெர்ன்ஹூட்டின் தொடக்கம். வெட்டியவர் கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர். அடுத்த ஐந்தாண்டுகளில் பல ஊர்களிலிருந்தும் பல கொள்கையினர் வந்து சேர்ந்ததால் பிணக்குகள் முற்றின. பிரபு தம் அரசுப் பணியை விட்டு அங்கேயே தங்கி வீடு வீடாகச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. 1727 மே மாதத்தில் ஊருக்கான உடன்படிக்கை எழுதப்பட்டு, மக்கள் வாக்களித்துப் பன்னிரண்டு மூப்பர்களைத் தேர்ந்தனர். அவர்களுள் நால்வரைத் தலைமை மூப்பர்களாக உயர்த்தும் பொறுப்பு சீட்டுக்கு விடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டோர்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் ஊரார் மனமொன்றினர் என்று மொரேவியர் இன்றும் கொண்டாடுகின்றனர்.

தினவசனம் இந்தச் சூழலில்தான் தோன்றியது. 1728 மே 3 அன்று மாலைப் பாடல் ஆராதனை முடிந்ததும், மறுநாளுக்கான வாக்கியம் ஒன்றைச் சின்சென்டார்ஃப் சபைக்குக் கொடுத்தார். படைவீரர்கள் காவல் மாறும்போது சொல்லும் அடையாளச் சொல்லுக்கு ஜெர்மனில் வழங்கிவந்த ‘லோசுங்’ என்ற பெயரே அதற்கும் அமைந்தது. அதன்பின் ஒவ்வொரு காலையிலும் சகோதரர் ஒருவர் அன்றைய வசனத்தை, அப்போது முப்பதைச் சற்றே தாண்டியிருந்த அவ்வூர் வீடுகள் அனைத்துக்கும் கொண்டுசென்று சொல்வது வழக்கமாயிற்று. வசனம் சொல்லப் போனவர் அந்தந்த வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை, யாருக்கு மனக்கலக்கம் என்பதையும் கேட்டறிந்து வந்தார் என்பதால், இது வழிபாடாக மட்டுமன்றி ஊர் நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவும் இருந்தது. தனிமையில் கண்மூடிச் செய்யும் தியானம் என்று இன்றைய வாசகர் கற்பனை செய்துகொள்வதற்கும் இதற்கும் தொலைவு அதிகம். 1731ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முழுவதும் முன்கூட்டியே அச்சிடப்பட்டு நூலாயின. அன்று முதல் போர்க்காலங்கள் உட்பட எந்த ஆண்டிலும் அந்நூல் தடைப்படவில்லை.

சீட்டின் நடைமுறை இதைவிடக் கண்டிப்பானது. மூப்பர் அவை ஒரு விஷயத்தைப் பேசித் தீர்க்க முடியாதபோது, அல்லது தீர்த்தாலும் இறைவனின் ஒப்புதல் வேண்டும் என்று கருதியபோது, கேள்வியை முதலில் எழுத்தில் வடித்தது. ஜெபத்துக்குப் பின் ‘ஆம்’, ‘இல்லை’ என எழுதிய இரண்டு சீட்டுகளும் எதுவும் எழுதாத ஒரு சீட்டும் தனித்தனிச் சிறு குழல்களில் சுருட்டி வைக்கப்பட்ட கிண்ணத்திலிருந்தோ பெட்டியிலிருந்தோ ஒன்று எடுக்கப்பட்டது. விளைவு குறிப்பேட்டில் பதியப்பட்டது. சந்நிதியில் வெவ்வேறு நிறப் பூக்களைப் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதில் புதுமை தோன்றாது. ஆனால் பூவில் இரண்டே விடை, இதிலோ மூன்று. வெற்றுச் சீட்டு வந்தால் கேள்வி சரியாக அமையவில்லை அல்லது வேளை வரவில்லை என்று பொருள்; அவை மீண்டும் கூடி, கேள்வியைத் திருத்தி எழுதி, வேறொரு நாளில் கேட்டது. ஹெர்ன்ஹூட்டின் குறிப்பேடுகளில் தெரியும் உழைப்பின் பெரும்பகுதி விடையில் செலவிட்டதன்று, கேள்வியை வடிப்பதில் செலவிட்டது.

சபையின் முதல் வெளிநாட்டு மிஷன் இவ்வாறே முடிவானது. 1731இல் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குக் கோபன்ஹேகன் சென்ற சின்சென்டார்ஃப், மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸிலிருந்து வந்திருந்த அந்தோணி என்னும் அடிமை ஒருவரைச் சந்தித்து, அங்குள்ள அடிமைகளின் நிலையைக் கேட்டறிந்தார். அச்செய்தி ஊரில் சொல்லப்பட்டபோது குயவரான லியோனார்ட் டோபரும் அவர் நண்பர் தோபியாஸ் லேயுபோல்டும் போக முன்வந்தனர். சபை ஏறக்குறைய ஓராண்டு தயங்கியது. கடைசியில் சீட்டு லேயுபோல்டைப் பொறுத்திருக்கச் சொன்னது. டோபரோ வசனங்கள் எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்க, இளைஞனைப் போகவிடும்படியும் கர்த்தர் அவனோடு இருக்கிறார் என்றும் பொருள்படும் வரி வந்தது. 1732 ஆகஸ்ட் 21 அன்று அவர் டேவிட் நிட்ஷ்மன் என்னும் தச்சரோடு ஹெர்ன்ஹூட்டை விட்டுப் புறப்பட்டு, டிசம்பரில் தீவை அடைந்தார்.

இதே டோபர் பிற்காலத்தில் தலைமை மூப்பர் பதவியிலிருந்து விலக விரும்பியபோது நிகழ்ந்தது சீட்டின் வரலாற்றிலேயே விசித்திரமானது. 1741 செப்டம்பர் 16 அன்று லண்டனில் கூடிய அவை, அவருக்குப் பதிலாக ஒருவரைத் தேட முயன்று இயலாமல் போகவே, இரட்சகரே அந்தப் பதவியை ஏற்பாரா என்று சீட்டுப் போட்டுக் கேட்டது. ‘ஆம்’ என்று வந்தது. அதன்பின் மொரேவியருக்கு உலகளாவிய தலைமை மூப்பர் என்று மனிதர் எவரும் இல்லை. பக்தியின் உச்சம் என்றும் பதவிச் சிக்கலுக்குச் சாமர்த்தியமான தீர்வு என்றும் இதை இருவிதமாகப் படிக்கலாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதற்குத் தடையேதுமில்லை.

சாதாரண மக்களின் வாழ்வைச் சீட்டு நேரடியாகத் தொட்ட இடம் திருமணம். மொரேவியக் குடியிருப்புகளில் மணமாகாத ஆண்களும் பெண்களும் தனித்தனி மனைகளில், வயதுக்கும் நிலைக்கும் ஏற்பப் பிரிக்கப்பட்ட குழுக்களாக வாழ்ந்தனர். ஒருவரையொருவர் அறிந்து பழகும் வாய்ப்புக் குறைவு. மணம் செய்ய விரும்பும் ஆண் மூப்பர்களிடம் தெரிவிப்பார். தாமாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லலாம், அல்லது அவையே ஒரு பெயரை முன்வைக்கும். பெயர் சீட்டுக்கு விடப்படும். ‘இல்லை’ வந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ‘ஆம்’ வந்தாலும் பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இருந்தது என்பதைப் பிற்காலக் கேலிகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. தொலைதூர மிஷன் நிலையங்களிலிருந்து மனைவி வேண்டி எழுதியவர்களுக்கும் இவ்வாறே பெண் தேர்ந்து அனுப்பப்பட்டதால், முன்பின் பாராத கணவரை நாடிக் கப்பலேறிய மணப்பெண்கள் உண்டு. பென்சில்வேனியாவில் மொரேவியர் 1741இல் நிறுவிய பெத்லகேம் ஊரில் 1749 ஜூலை 15 அன்று 28 இணைகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடந்தேறியது.

சீட்டை மீறி மணந்தவர்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. குடியிருப்புகளில் நிலம் சபைக்குச் சொந்தம்; வீடு கட்டியவரும் குத்தகைதாரரே. இறைவனின் சித்தத்தை அறியும் கருவியாகத் தொடங்கியது, வீட்டையும் தொழிலையும் இழக்கும் அச்சத்தோடு பிணைந்துகொண்டபின், அதைக் கேட்பவரின் மனநிலை பழையபடி இருந்திருக்க முடியாது. வட கரோலினாவில் சேலம் நகருக்கான இடத்தைத் தேர்வது, சபை உறுப்பினராகச் சேர்ப்பது, முதல் திருவிருந்துக்கு அனுமதிப்பது என்று சீட்டின் எல்லை விரிந்தது. விரிய விரிய அது ஜெபத்தின் துணையாக இருந்த நிலை மாறி, அலுவலக நடைமுறையாக இறுகியது என்றே சொல்ல வேண்டும்.

மொரேவியரல்லாதாருள் இவ்வழக்கத்தை மிகத் தீவிரமாகக் கைக்கொண்டவர், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி. 1736இல் ஜார்ஜியாவுக்குச் செல்லும் கப்பலில், புயலடித்தபோதும் பாடிக்கொண்டிருந்த மொரேவியரைக் கண்டு வியந்த அவர், சவன்னாவில் சோஃபி ஹாப்கி என்னும் பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தடுமாறினார். 1737 மார்ச் 4 அன்று நண்பர் டெலமோட்டோடு அமர்ந்து மூன்று சீட்டுகள் எழுதினார்: மணந்துகொள் என்பது ஒன்று, இந்த ஆண்டு அதை எண்ணாதே என்பது மற்றொன்று, இனி எப்போதும் எண்ணாதே என்பது மூன்றாவது. மூன்றாவதே வந்தது. ஒரு வாரம் கழிந்ததும் அப்பெண் வேறொருவரை மணந்தார். வெஸ்லி அவருக்குத் திருவிருந்து மறுக்க, வழக்கு எழ, ஆண்டு முடிவதற்குள் அவர் அமெரிக்காவை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டாண்டுகளுக்குப் பின், பிரிஸ்டல் நகருக்குப் போவதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் தம்பி சார்ல்ஸ் கடுமையாக எதிர்த்தார். லண்டன் சகோதரர்கள் சீட்டுப் போட, போகலாம் என்று வந்தது. 1739 ஏப்ரல் 2 அன்று பிரிஸ்டலுக்கு வெளியே திறந்தவெளியில் அவர் செய்த பிரசங்கத்திலிருந்து மெதடிஸ்ட் வரலாறு புதிய திசையில் திரும்பியது.

மொரேவியருக்கும் தமிழ் நிலத்துக்கும் உள்ள தொடர்பு ஜெர்மனியின் ஹல்லே நகரில் தொடங்குகிறது. சின்சென்டார்ஃப் சிறுவனாக அங்கே ஃபிராங்கேயின் பள்ளியில் பயின்றபோது, தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்கள் வாசிக்கப்படுவதைக் கேட்டார். அங்கிருந்து திரும்பிய மிஷனெரி சீகன்பால்கையும் கண்டிருந்தார். சின்சென்டார்ஃப் இறந்த அதே 1760ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், பதினான்கு மொரேவியச் சகோதரர்கள் தரங்கம்பாடியில் கரையிறங்கி, பொறையாற்றுக்கு அருகே நிலம் வாங்கிச் ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்து, கைத்தொழிலும் பயிர்த்தொழிலும் செய்து வாழ்ந்தனர். நிக்கோபார் தீவுகளில் காலூன்ற விரும்பிய டென்மார்க்கின் நோக்கமே அவர்களை அழைத்துவந்தது. தங்கள் வயலில் வேறொருவர் ஏர் பூட்டுவதாகக் கருதிய ஹல்லே மிஷனெரிகளோ அவர்களை வரவேற்கவில்லை. 1768இல் நன்கவுரித் தீவில் தொடங்கிய நிலையம் 1787இல் கைவிடப்பட்டபோது, அங்கேயே இறந்தவர்கள் பதினொருவர், காய்ச்சலோடு தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் இறந்தவர்கள் பதின்மூவர். பொறையாற்றுத் தோட்டமும் 1803ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. நாற்பதாண்டு உழைப்பில் சபையில் சேர்ந்த தமிழர் மிகச் சிலரே. போ என்ற உத்தரவில் வெற்றி பெறுவாய் என்ற வாக்குறுதி அடங்கியிருக்கவில்லை என்பதே மொரேவியர் இத்தகைய இழப்புகளை விளங்கிக்கொண்ட முறை. சீட்டைப் பொய்ப்பிக்க எந்த நிகழ்ச்சியாலும் முடியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

எனவே சீட்டு வழக்கொழிந்தது அது பொய்த்ததால் அன்று; மக்கள் பொறுக்க மறுத்ததால். விடுதலைப் போருக்குப் பின் வளர்ந்த அமெரிக்க மொரேவிய இளைஞர்கள் துணையைத் தாமே தேர்ந்து, வேண்டுமானால் சபையை விட்டு விலகினர். அமெரிக்கச் சபைகளின் கோரிக்கையை ஏற்று, 1818இல் ஹெர்ன்ஹூட்டில் கூடிய பொதுச்சங்கம் சாதாரண உறுப்பினர்களின் திருமணத்துக்குச் சீட்டுக் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. பிற விஷயங்களிலும் அது படிப்படியாகச் சுருங்கி, 1889இல் முற்றிலும் கைவிடப்பட்டது.

தினவசனத்துக்கு இந்த நிலை வரவில்லை. அது எந்தக் கேள்விக்கும் விடையாக எழுதப்பட்டதன்று. கேள்வியோடு வருபவர் அதைத் தம் நிலைமையோடு பொருத்திப் பார்க்கலாம், பொருந்தாவிட்டால் அன்றைய தியானமாக மட்டும் கொள்ளலாம். இரண்டிலும் முடிவின் பொறுப்பு வாசிப்பவரிடமே தங்கிவிடுகிறது. இதற்கு 20ஆம் நூற்றாண்டில் கிடைக்கும் தெளிவான சான்று, ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபருடைய நாட்குறிப்பு. ஹெர்ன்ஹூட் மரபில் வந்த செவிலியொருவரால் வளர்க்கப்பட்ட அவர், 1939 ஜூன் மாதம் நியூயார்க்குக்கு வந்துசேர்ந்தார். நாட்சி அரசின் படைச்சேர்ப்பிலிருந்து அவரைக் காக்க நண்பர்கள் செய்த ஏற்பாடு அது. வந்த சில நாட்களிலேயே திரும்பிவிட வேண்டும் என்ற உந்துதல் எழ, தங்குவதா திரும்புவதா என்ற போராட்டத்தைத் தினவசனங்களோடு சேர்த்தே குறித்துவந்தார். தங்க மறுத்துவிட்ட பிறகும், அதற்குத் தாம் சொல்லும் காரணங்கள்தாம் உண்மைக் காரணங்களா என்று அவருக்கே உறுதியில்லை. ஜூன் 26 அன்று, குளிர்காலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வேண்டுகோள் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதைத் தமக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகக் கையாள்வதாகாது என்று எழுதிவைத்தார். முடிவு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது என்பதையும், வசனம் அதற்குப் பின் வந்தது என்பதையும் வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டும். ஜூலை மாதம் கப்பலேறிய அவர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளோசன்பியூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

ஹெர்ன்ஹூட்டில் சீட்டு இன்றும் ஓரிடத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. ஏறக்குறைய 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்குரிய எண்ணிட்ட சீட்டுகளிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்னதாகவே, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று எடுக்கப்படுகிறது. அதற்கு இயைந்த புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆசிரியர் ஒருவர் தேடிச் சேர்க்கிறார். எடுப்பவருக்கு வாசிப்பவரின் கேள்வி தெரியாது. வாசிப்பவருக்கே அந்தக் கேள்வி இன்னும் பிறந்திருக்காது.

தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு இரவு ஆராதனையின் முடிவில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை ஹெர்ன்ஹூட்டின் நேர் வாரிசு என்று நிறுவுவது கடினம். ஜெர்மானியப் பக்தி இயக்கத்திலிருந்து ஆங்கிலேய, அமெரிக்க மிஷன்களின் வழியாகப் பரவிய பொதுமரபுக்கு உரியது என்று கொள்ளலாம். போதகர் சபை முழுவதற்கும் ஒரே வசனத்தை ஆண்டு வாக்குத்தத்தமாக அறிவிக்கும் முறை தினவசனத்தின் சாயலுடையது. வீட்டில் பெண் பார்ப்பதும் வெளிநாட்டு வேலையும் பேச்சில் இருக்க, ஒவ்வொருவரும் கைநீட்டித் தமக்கென்று ஓர் அட்டையை எடுப்பது டோபர் வசனச்சீட்டு எடுத்ததற்கே நெருக்கமானது. ஆனால் மொரேவியரின் கிண்ணத்தில் ‘இல்லை’ என்பதற்கும் வெற்றுத் தாளுக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. புத்தாண்டுத் தட்டில் ஆசீர்வாத வசனங்கள் மட்டுமே அச்சிட்டு வைக்கப்படுகின்றன.